மூன்று நாள் லீவில் ஊருக்குப் போய் வருவது எப்படி: வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, சேக்காளிகளுக்கு ஒன்று

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எப்படியும் ஊருக்குப் போகத்தான் போகிறோம், அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்த நாட்களில் வீடு நிறைய ஆள் இருக்கும். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள், அப்பா வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டபடியே இருப்பார், கல்யாணமான சேக்காளிகள் மாமனார் வீட்டுக்குப் போயிருப்பார்கள். எல்லோரையும் பார்த்த மாதிரியும் இருக்கும், ஒருத்தரோடும் உட்கார்ந்து பேசாத மாதிரியும் இருக்கும். அதனால் பண்டிகை இல்லாத ஒரு லீவு நாளைப் பிடித்து, வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஊருக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்த தேதி ஆகஸ்ட் 15. சுதந்திர தினம், எல்லோருக்கும் லீவு. தமிழ்நாட்டில் அன்றைக்குக் கிராம சபை கூடும். நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரன், எங்களுக்கு அது குற்றாலச் சீசனும்கூட. ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 ஆகியவையும் லீவு நாள், கிராம சபை நாள். மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கிராம சபை உண்டு, ஆனால் லீவு கிடைக்காது. உங்கள் ஊருக்கு எது ஒத்துவருகிறதோ அதை எடுத்துக்கொண்டு, முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் சேர்த்து மூன்று நாளாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

முதலில் டிக்கெட். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பயண நாளை அதில் சேர்க்கக் கூடாது. ஆகஸ்ட் 13ஆம் தேதி ராத்திரி ஏறுவதென்றால் ஜூன் 14 காலை 8 மணிக்குப் போனும் கையுமாக உட்கார வேண்டும். 16ஆம் தேதி திரும்பி வர ஜூன் 17. போகும் டிக்கெட்டைப் போட்ட சந்தோஷத்தில் இந்த இரண்டாவது தேதியை மறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர், அப்புறம் கடைசி நாள் முழுக்க டிக்கெட் கவலையிலேயே போய்விடும். இரண்டு காலைக்கும் மொபைலில் அலாரம் வைத்துவிடுங்கள். தவறிப்போனால் தட்கல் இருக்கிறது, முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, படுக்கை வகுப்புக்கு 11 மணி. ஆனால் 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் போட முடியும், அந்த வேலையை இப்போதே முடித்து வையுங்கள். எழும்பூரில் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் காலையில் ஊர்ப் பக்கம் வந்துவிடலாம்.

கிளம்பும் முன் வீட்டுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், ஆனால் "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணும் வேண்டாம்யா, நீ வந்தா போதும்" என்றுதான் பதில் வரும். "அப்பா மாத்திரை அட்டை இன்னும் எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க", "மிக்ஸி ஜார் மூடி ஒடிஞ்சுதே, எந்த அளவு, போட்டோ அனுப்புங்க" என்று கேட்டால் சரியான பதில் வரும். போகும்போது ஒரு காலிப் பையையும் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது தேவைப்படும்.

முதல் நாள் வீட்டுக்கு. காலையில் போய் இறங்கினதும் குளித்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை, பிள்ளை தன் வீட்டில் தூங்குவதைப் பார்ப்பது அவர்களுக்கும் ஒரு நிறைவுதான். மத்தியானத்துக்கு மேல் அப்பாவோடு காகித வேலை. ஒரு ஃபைல் வாங்கி அதில் வங்கிப் பாஸ்புக், ஆதார் நகல், பட்டா நகல், இன்சூரன்ஸ், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாக வையுங்கள். பட்டா எண் தெரிந்தால் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கில் நாமினி பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம். இந்தப் பேச்சை எடுக்கத் தயக்கமாகத்தான் இருக்கும். நான் என் கணக்கின் நாமினியாக அம்மா பெயரைப் போட்டதை முதலில் காட்டினேன், அதற்கப்புறம் அப்பா தானாகவே பீரோ சாவியை எடுத்து வந்தார்.

சாயங்காலம் ஆச்சிக்கு. வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவருக்கு. இந்த மூன்று நாளில் எனக்கு உயிரான நேரம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "அந்தக் காலத்துல எப்படி ஆச்சி இருந்துச்சு?" என்று கேட்டால் "கஷ்டந்தான்யா" என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். பொருளைக் கேளுங்கள், இடத்தைக் கேளுங்கள். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தீர்கள், அதற்கு எத்தனை படி, முதல் கண்ணாடி வளையல் யார் வாங்கிக் கொடுத்தது, கல்யாணத்தன்றைக்கு என்ன பொரியல். வருஷம் கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் நாட்டில் நடந்ததைச் சொல்லிக் கேட்டால் சட்டென்று வந்துவிடும். தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர், அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, காமராசர் மறைந்தது 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24, தாமிரபரணி வெள்ளம் 1992 நவம்பர். இந்த ஐந்தையும் கையில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

"அண்ணா செத்தப்போ உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா ஆச்சி?"

"ஆயிருச்சான்னா கேக்க? உங்க பெரியப்பன் கைப்பிள்ளை. பஞ்சாயத்து போர்டு ரேடியோ முன்னால தெருவே உக்காந்து அழுதுச்சு. அவனை இடுப்புல வச்சுக்கிட்டு நானும் போனேன். அழுகைச் சத்தத்துல அவனும் அழ ஆரம்பிச்சுட்டான், உங்க தாத்தா கையில வாங்கிக்கிட்டாரு. ஊர்ல ஆம்பளை பிள்ளைய தூக்குறது அன்னிக்குத்தான் பாத்தோம்னு எல்லாரும் பேசிக்கிட்டாக."

பெரியப்பா சர்ட்டிபிகேட்டில் பிறந்த வருஷம் 1970 என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. தாத்தாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு கூட்டத்துக்கு நடுவே கைப்பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார் என்று கேட்டதிலிருந்து அந்தப் போட்டோவே வேறு மாதிரி தெரிகிறது. இதை அவசியம் ஒலிப்பதிவு செய்யுங்கள், ஆச்சியிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். போனை முழங்கால் பக்கத்தில் வைத்து, ஃபேனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்புறம் ஃபேன் சத்தம்தான் கேட்கும். அரைமணி நேரம் போதும், அதற்கு மேல் அவர்களுக்குக் களைப்பாகிவிடும். கோப்புக்குத் தேதியோடு பெயர் வைத்து, அன்றைக்கு ராத்திரியே அத்தை பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள் ஊருக்கு. காலையில் நீங்கள் படித்த ஆரம்பப் பள்ளிக்குக் கொடியேற்றத்துக்குப் போங்கள். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, போய் ஓரமாக நின்றால் டீச்சரே முன்னால் கூப்பிட்டுக்கொள்வார். ஆகஸ்ட் 15 அன்று கொடியைக் கீழேயிருந்து மேலே ஏற்றுவோம், ஜனவரி 26 அன்று மேலேயே கட்டியிருக்கும் கொடியை விரித்துவிடுவோம். இதைப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், தெரிந்த பிள்ளை கையைத் தூக்கும் வேகமே தனி. மிட்டாய் கொடுத்து முடிந்ததும் தரையில் காகிதக் கொடிகள் கிடக்கும், அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு வாருங்கள். கொடியைத் தரையில் போடக் கூடாது என்று கொடி விதியிலேயே இருக்கிறது.

அப்புறம் கிராம சபை, பெரும்பாலும் 11 மணிக்கு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதில் உறுப்பினர். அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அது சட்டப்படியான சபை. குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்று கணக்கு உண்டு, மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சி என்றால் 100 பேர். ஆக, நீங்கள் வீட்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டிப் போனாலே அது பெரிய உதவி.

என் ஓட்டு சென்னைக்கு மாறிவிட்டதால் அங்கே பேச வேண்டியவன் நான் இல்லை, அம்மா. எங்கள் தெருவின் நடுக்கம்பத்தில் விளக்கு எரியாமல் இருந்தது. முந்தின நாள் ராத்திரியே டார்ச் அடித்துக் கம்பத்தில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து வந்தோம். வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதினோம், எந்தத் தெரு, எந்தக் கம்பம், எத்தனை நாளாக, யாருக்குச் சிரமம். உங்கள் மனுவும் இவ்வளவு இருந்தால் போதும், பெரிய கட்டுரை வேண்டாம். கூட்டத்தில் அம்மா முதலில் எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். பக்கத்து வீட்டு அத்தை முழங்கையால் இடித்ததும் எழுந்து, தாளைப் பார்க்காமலே, "பால் ஊத்த விடியக்காலம் பொம்பளைப் பிள்ளைக இருட்டுல போகுதுக சார், நடுக்கம்பத்துல லைட்டு இல்ல" என்றாள். அவ்வளவுதான். ஊராட்சிச் செயலர் எழுதிக்கொண்டார். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், மனுவின் நகலில் தேதியோடு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை வாசிக்கும்போது எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள், நம் ஊருக்கு என்ன வந்தது, எதற்குப் போனது என்று காதால் கேட்கும் இடம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோருடைய பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 1950 என்ற எண்ணில் கேட்கலாம், செயலியிலும் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றவோ திருத்தவோ படிவம் 8. தம்பி தங்கைக்கு 17 முடிந்துவிட்டால் இப்போதே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் நாள் சேக்காளிகளுக்கு. இதில் ஊரிலேயே இருக்கும் சேக்காளிக்குத்தான் முதலிடம். போன வருஷம் அப்பா வாசல்படியில் வழுக்கி விழுந்தபோது, நான் விஷயம் தெரிந்து எழும்பூர் போய்ச் சேர்வதற்குள், என் சேக்காளி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எக்ஸ்ரே எடுத்து, கட்டுப் போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டான். கூடவே "ஏல, மாமா நல்லாருக்காரு, இட்லி திங்காரு, நீ பதறாம வா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அதை நான் இன்னும் அழிக்கவில்லை. அவனுடைய நம்பரையும் 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி வீட்டுச் சுவரில் போன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன், நீங்களும் ஒட்டுங்கள். அவன் வீட்டுக்குப் போகும்போது அவனுடைய அம்மா அப்பாவுக்கும் மாத்திரை, ஃபைல், நாமினி வேலை எல்லாம் செய்து கொடுங்கள், அவனுக்கு அதற்கு நேரம் இருக்காது.

அப்புறம் குற்றாலம். விடியுமுன் கிளம்பிவிடுங்கள், கூட்டம் சேருவதற்குள் ஐந்தருவியில் நிற்க வேண்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் அருவிக்குக் கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை. தண்ணீர் கூடிப்போய்ப் போலீஸ் குளிக்க விடாவிட்டால் வாதாடாதீர்கள், சாரலில் நனைந்தபடி பஜாரில் நடந்தாலே போதும், சாரல் என்ன குறைச்சலா? மத்தியானம் செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் புரோட்டா. காசு விஷயத்தில் ஒரே ஒரு ஏற்பாடு செய்யுங்கள். எல்லாச் செலவையும் ஒருவனே செய்துவிட்டு, ராத்திரி தனித்தனியாகக் கணக்குச் சொல்லட்டும். ஒவ்வொரு கடையிலும் ஆளாளுக்குப் போனை நீட்டினால், இந்த மாதம் கை கடித்திருக்கிற சேக்காளி அடுத்த இலைக்கு வேண்டாம் என்பான். துபாயில் இருக்கிறவனுக்கு வீடியோ கால் உண்டு, ஆனால் அருவியிலிருந்து வேண்டாம், அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், அவன் தூங்கிக்கொண்டிருப்பான். புரோட்டா இலையில் சால்னா ஊற்றும்போது கூப்பிடுங்கள்.

சாயங்காலம் வண்டி ஏறும்போது அந்தக் காலிப் பை நிரம்பியிருக்கும். முருங்கைக்காய், வறுத்து இடித்த குழம்புப்பொடி, ஒரு வாரத்துக்கான முறுக்கு. "சென்னைல கிடைக்காதாக்கும்" என்று எதையும் வெளியே எடுத்து வைக்காதீர்கள், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஸ்டேஷனுக்குச் சேக்காளி வண்டியிலேயே போங்கள், ரயில் வரும் வரை அவன் நிற்பான்.

சென்னை வந்து ஒரு மாதம் கழித்து மொபைலில் இன்னோர் அலாரம் வையுங்கள், கிராம சபையில் எழுதியது என்ன ஆயிற்று என்று கேட்க. என் அலாரம் அடிக்கும் முன்பே அம்மாவின் போன் வந்துவிட்டது. "நடுக்கம்பத்துல வந்து லைட்ட மாட்டிட்டுப் போயிட்டாங்கய்யா. அக்டோபர்ல கூட்டம் என்னிக்கு? தண்ணித் தொட்டி விஷயம் ஒண்ணு கெடக்கு."