நாற்பது வயதில் சைக்காலஜி டாக்டரேட்: கிளினிக்கலா, ஸ்கூலா?

பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் வாங்கித்தர அலைந்த வருடம்தான் சைக்காலஜியில் என்ன பட்டம் என்பதைவிட எந்தப் பதிவு கையில் இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்கு உறைத்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன். வாய்விட்டுக் கேட்டால் அறிவியல் பாடம் முழுக்கச் சொல்வான், தாளைக் கொடுத்தால் நாலு வரிக்குள் எழுத்துகள் இடம் மாறிவிடும். "டீச்சர், மண்டையில ஏறலைன்னு அவங்கப்பா அடிக்காத நாளே இல்லை" என்று அவன் அம்மா என் முன்னால் நின்று அழுதார். நான் எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தவள், மதுரையில் பள்ளி வேலையில் அப்போது பதினாறு வருடம் ஆகியிருந்தது. அவனை இரண்டு மாதம் உட்காரவைத்துப் பார்த்து மூன்று பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஆர்.சி.ஐ. பதிவு எண் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆர்.சி.ஐ. என்பது 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளை, அதாவது மனநலச் சிக்கல்களுக்குச் சோதனையும் சிகிச்சையும் செய்யும் உளவியலாளர்களை, பதிவு செய்வது அவர்கள்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் வந்துவிட்டன, அதனால் பள்ளிப் பிள்ளைக்குச் சலுகை வாங்கவே இப்போது சான்றிதழ் தேவைப்படுகிறது, அதற்கான சோதனை அறிக்கையில் அந்த எண்ணைப் பார்க்கிறார்கள். பள்ளியில் வேலை செய்யத்தானே போகிறேன், எனக்கு எதற்குக் கிளினிக்கல் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன். பிஎச்.டி. முடித்தால் போதும், சொந்தமாக கிளினிக் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கல்லூரியில் சொன்னதை நம்பி, பகுதிநேரமாகப் பதிவு செய்து இரண்டு வருடம் போனது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் யாரைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்கிறது என்பதை அப்போது நான் படித்ததே இல்லை. ஆர்.சி.ஐ. அங்கீகரித்த கிளினிக்கல் படிப்பு, இல்லையென்றால் முதுகலைக்கு மேல் மேற்பார்வையுடன் இரண்டு வருடம் முழுநேரமாகப் படித்த அங்கீகாரம் பெற்ற எம்.ஃபில். வெறும் பிஎச்.டி. அதில் இல்லை. பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம், கையெழுத்து செல்லாது.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, எந்த ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால், பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு, மனநலச் சிக்கல்களைப் பார்க்கும் ஸ்கூல் சைக்காலஜிக்கு என்று தனி உரிமம் இங்கே கிடையாது. பள்ளி வேலைதான் பிடிக்கும் என்றாலும் முதலில் ஆர்.சி.ஐ. பதிவுக்கு வழிசெய்யும் படிப்பு, அப்புறம் பள்ளி சார்ந்த தலைப்பில் பிஎச்.டி. என்ற வரிசைதான் சரி. நானும் கடைசியில் அப்படித்தான் செய்தேன், 41 வயதில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து. ஒன்றைக் கவனியுங்கள்: புதிய கல்விக் கொள்கையை ஒட்டி பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டது, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை விட்டுவைத்தது. எனவே இனி சேர்கிறவர்கள் சை.டி. (Psy.D., ஆராய்ச்சியைவிடக் களப்பயிற்சிக்கு இடம் தரும் சைக்காலஜி டாக்டரேட்) ஆகட்டும், வேறு எந்தப் பெயரில் வரும் படிப்பாகட்டும், அந்தக் கல்வியாண்டுக்கான ஆர்.சி.ஐ. அங்கீகாரப் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். போன வருடம் இருந்தது என்று யாராவது சொன்னால் அது போதாது.

இரண்டாவது, அன்றாடம் என்ன வேலை என்பது. கிளினிக்கல் பயிற்சி என்றால் மனநலப் பிரிவில் நாள் முழுக்க இருப்பது. மனநோய் தீரும் என்று நம்பிப் பாண்டி கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போய்விட்டு, கையில் இருந்த காசெல்லாம் தீர்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் குடும்பங்கள், மூன்று நாளாகத் தூங்காத ஆள், குடியை விடமுடியாமல் கை நடுங்குகிறவர், பூச்சிமருந்து குடித்துப் பிழைத்த பெண். அவர்களின் கதையை ஒழுங்காகக் கேட்டு எழுதி, சோதனை செய்து, உங்களைவிடப் பதினைந்து வயது இளைய மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கவேண்டும். இருபது வருடம் வகுப்பில் நாம் சொன்னதைப் பிறர் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம்தான் மிகக் கடினம், எனக்கு ஆறு மாதம் பிடித்தது. பள்ளி வேலையில் அவசரம் குறைவு, ஆனால் ஒரு பிள்ளைக்காக ஐந்து பேரிடம் பேசவேண்டும்: வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், அப்பா, பாட்டி, அப்புறம் அந்தப் பிள்ளை. அமைப்போடு மல்லுக்கட்டும் பொறுமை உங்களுக்கு இருந்தால் அது பெரிய வேலை.

குடும்பத்தோடு அமெரிக்கா போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே ஸ்கூல் சைக்காலஜி தனித்துறை. பள்ளியில் வேலை பார்க்க டாக்டரேட் தேவையே இல்லை, பெரும்பாலான மாநிலங்களில் 1,200 மணிநேர இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து மூன்று வருடத்தில் முடிகிற ஸ்பெஷலிஸ்ட் பட்டம் (முதுகலைக்கும் டாக்டரேட்டுக்கும் இடைப்பட்டது) போதும். தேவையில்லாத டாக்டரேட்டுக்கு நடுவயதில் ஐந்தாறு வருடம் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிளினிக்கல் டாக்டரேட்டில் கடைசி ஒரு வருட இன்டர்ன்ஷிப் தேசிய அளவிலான மேட்ச் முறையில், அதாவது மாணவரும் பயிற்சி இடங்களும் தரும் விருப்ப வரிசைகளைப் பொருத்திப் பார்த்து, ஒதுக்கப்படும், வேறு மாநிலத்துக்குப் போகவேண்டி வரலாம், எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையை விட்டுவிட்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் கிளினிக்கல், கவுன்சலிங், ஸ்கூல் மூன்றுக்குமே உண்டு. அந்த அங்கீகாரமுள்ள ஸ்கூல் சைக்காலஜி பிஎச்.டி. படித்தவர் பின்னால் சைக்காலஜிஸ்ட் உரிமத்துக்கும் விண்ணப்பிக்க முடியும், கிளினிக்கல் படித்தவர் பள்ளிக்குள் போக நினைத்தால் பொதுவாக மறுபடி பள்ளிப் பயிற்சியும் சான்றும் வாங்கவேண்டும். இரண்டு மனதாக இருப்பவர்களுக்கு ஸ்கூல் பக்கம்தான் கதவு அதிகம் என்பது என் எண்ணம். பணம் பார்த்தால், பிஎச்.டி.யில் பல இடங்களில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தருவார்கள், சை.டி.யில் பெரும்பாலும் கைக்காசு. ஹெச்-1பி வேலை விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் ஹெச்-4 விசாவில் படிக்கலாம், ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளமுள்ள உதவியாளர் பணியை ஏற்க முடியாது, இதைச் சேர்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

இங்கேயே பிஎச்.டி. என்றால், காமராசர் பல்கலைக்கழகமோ வேறு எதுவோ, யு.ஜி.சி.யின் 2022 விதிகள் பொதுவானவை. முதுகலையில் 55 விழுக்காடு, குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு, பெண்களுக்கு மேலும் இரண்டு வருடச் சலுகை. தொலைநிலையில் பிஎச்.டி. கிடையாது, யாராவது தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். பகுதிநேரம் உண்டு, அதற்கு வேலை செய்யும் இடத்தின் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வேண்டும், கோர்ஸ் ஒர்க் நேரத்தில் தேவைப்பட்டால் விடுவிப்பதாகவும் அதில் எழுதியிருக்கவேண்டும். கைடைத் தேர்வு செய்யும்போது அவரிடம் ஏற்கெனவே முடித்த இரண்டு பேரை, குறிப்பாக வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்களை, தனியாகச் சந்தித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேளுங்கள். என்.ஓ.சி. பேச்சைச் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாலேயே முடித்துவிடுவது நல்லது. மே மாதம் பள்ளி அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது, ஜூனில் திறந்தால் மாணவர் சேர்க்கையில் யாருக்கும் உங்கள் கடிதத்தைப் படிக்க நேரம் இருக்காது.