குண்டு பல்பை மாற்றப் போகிறீர்களா? பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்

வீட்டில் இன்னும் குண்டு பல்பு எரிகிறதென்றால், அது பியூஸ் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நன்றாக எரிகிற பொருளைக் கழற்றிப் போட மனசு வராது, புரிகிறது. ஆனால் ஒரு பல்பைச் செய்ய ஆகும் மின்சாரத்தைவிட அது எரிகிற காலத்தில் இழுக்கிற மின்சாரம் பல மடங்கு அதிகம், அதனால் வைத்திருக்க வைத்திருக்க நஷ்டம்தான். 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிந்தால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 110 யூனிட் ஆகிறது. அதே அளவு வெளிச்சம் தருகிற 9 வாட் எல்.இ.டி. அதே 5 மணி நேரம் எரிந்தால் பதினாறு யூனிட் சொச்சம். ஒரே பல்பில் 93 யூனிட் மிச்சம். உங்கள் பில்லில் யூனிட்டுக்கு என்ன விலை போட்டிருக்கிறதோ அதால் பெருக்கிப் பாருங்கள், புது பல்பின் விலை எத்தனை மாதத்தில் திரும்பி வரும் என்று தெரிந்துவிடும்.

காரணம் இதுதான். குண்டு பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை 2400 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ந்துதான் வெளிச்சம் தருகிறது, வாங்குகிற மின்சாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெறும் சூடாகவே போய்விடுகிறது. கோடையில் அந்தச் சூட்டை விரட்ட மின்விசிறியோ ஏசியோ வேறு போடுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்றில்லை. தினமும் அதிக நேரம் எரிகிற பல்பு எது என்று பாருங்கள், பெரும்பாலும் கூடமும் சமையலறையும்தான், அங்கிருந்து தொடங்குங்கள். பரண் பக்கத்தில் மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் எரிகிற பல்பு கடைசியில் இருக்கட்டும்.

வாட்டை மறந்துவிடுங்கள்

கடையில் நின்று “அறுபது வாட் பல்பு கொடுங்க” என்று கேட்டுப் பழகிய நமக்கு இதுதான் கொஞ்சம் கஷ்டம். வாட் என்பது பல்பு இழுக்கிற மின்சாரத்தின் அளவு, வெளிச்சத்தின் அளவு இல்லை. குண்டு பல்புகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்ததால் வாட்டை வைத்தே வெளிச்சத்தைச் சொல்ல முடிந்தது, எல்.இ.டி.யில் அது செல்லாது. ஒரே 9 வாட்டில் ஒரு பல்பு பளிச்சென்றும் இன்னொன்று மங்கலாகவும் இருக்கும். வெளிச்சத்துக்கு அளவு லூமென். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

பழைய 40 வாட் குண்டு பல்புக்குப் பதிலாக என்றால் 450 லூமென் அளவில் வாங்குங்கள், 60 வாட்டுக்கு 800, 75 வாட்டுக்கு 1100, 100 வாட்டுக்கு 1600. இந்த எண்களை மட்டும் போனில் குறித்துக்கொண்டால் போதும். “60 வாட்டுக்குச் சமம்” என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே 600 லூமென்தான் எழுதியிருந்தால் அந்தப் பெரிய எழுத்தை நம்பாதீர்கள். லூமெனை வாட்டால் வகுத்தும் பார்க்கலாம்: 9 வாட்டுக்கு 900 லூமென் என்றால் வாட்டுக்கு 100, நல்ல பல்பு. 80க்குக் கீழே வந்தால் வேறு பார்ப்பது நல்லது. 60 வாட் குண்டு பல்பு வாட்டுக்கு 15 லூமென்கூடத் தேறாது என்பதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகம் பலருக்கும் வரும். விளக்குக் கூட்டின் உள்ளே “அதிகபட்சம் 40 வாட்” என்று எழுதியிருக்குமே, அதில் “100 வாட்டுக்குச் சமம்” என்கிற எல்.இ.டி.யை மாட்டலாமா? அந்த எல்லை பல்பு உண்மையில் இழுக்கிற மின்சாரத்துக்கும் அதனால் வரும் சூட்டுக்கும் போட்டது. அந்த எல்.இ.டி. இழுப்பது 14 வாட்தான், தாராளமாக மாட்டலாம். கூடு முழுக்க மூடியதாக இருந்தால் மட்டும் வேறு ஒரு விஷயம் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நிறம்தான் முக்கால்வாசிப் பேரை ஏமாற்றுகிறது

எல்.இ.டி. மாற்றியதும் வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிட்டது, கண் கூசுகிறது, பழைய பல்பே தேவலை என்று சொல்பவர்கள் நிறைய. அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் கோளாறு எல்.இ.டி.யில் இல்லை, தேர்ந்தெடுத்த நிறத்தில் இருக்கிறது. கேட்காமல் வாங்கினால் கையில் கிடைப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் பல்பு, அதாவது நீலம் கலந்த வெள்ளை, பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருப்பார்கள். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் கிட்டத்தட்ட 2700 கெல்வின். பல வருஷம் அந்த வெளிச்சத்தில் இருந்த கண்ணுக்கு ஒரே இரவில் 6500ஐக் கொடுத்தால் பிடிக்காமல்தான் போகும். எண் ஏற ஏற நிறம் நீலத்தை நோக்கிப் போகும், இறங்க இறங்க மஞ்சளாகும், இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் அபிப்பிராயம் இது: படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 அல்லது 3000, பெட்டியில் வார்ம் ஒயிட் என்று இருக்கும். சமையலறை, படிக்கிற மேஜை, தையல் மெஷின் இருக்கிற மூலை, இங்கெல்லாம் 4000. 6500ஐ நான் வீட்டுக்குள் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன், அதிலும் தூங்கப் போகிற அறையில் வேண்டவே வேண்டாம், ஏனென்றால் இரவு நேரத்தில் கண்ணில் விழும் நீல வெளிச்சம் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. பிடித்தவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் இஷ்டம். ஆனால் ஒரே அறையில் ஒரு பல்பு மஞ்சள், இன்னொன்று நீல வெள்ளை என்று கலக்காதீர்கள், எந்த நிறமும் சரியாகத் தெரியாமல் அறையே ஒரு மாதிரியாக இருக்கும்.

நிறத்தில் இன்னொரு பாதியும் உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பது ஒன்று, அந்த வெளிச்சத்தில் பொருள்களின் நிறம் சரியாகத் தெரிகிறதா என்பது வேறு. இதற்கு சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். குண்டு பல்புக்கு அது ஏறக்குறைய 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80, நல்லதுக்கு 90க்கு மேல். ஏன் குறைகிறது என்றால், வெள்ளை எல்.இ.டி. என்று நாம் சொல்வது பெரும்பாலும் உள்ளே ஒரு நீல எல்.இ.டி.தான், அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு பூசியிருக்கும், இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அது இல்லாமல் இந்த பல்பே இல்லை.) அந்தக் கலவையில் சிவப்பு குறைவு. அதனால் மட்டமான பல்பின் கீழே தக்காளி மங்கலாகத் தெரியும், முகம் வெளிறித் தெரியும். ஒரு சுலபமான பரிசோதனை: கருநீலச் சட்டை ஒன்றையும் கறுப்புச் சட்டை ஒன்றையும் பல்பின் கீழே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பிறகு உங்கள் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். சட்டை இரண்டும் ஒன்றாகவே தெரிந்து உள்ளங்கையில் ரத்த ஓட்டமே இல்லாதது போலிருந்தால் அந்த பல்பு வேண்டாம். வாசலுக்கும் மாடிப்படிக்கும் 80 போதும்; சமைக்கிற, படிக்கிற, உடுத்துகிற இடத்துக்கு 90 கேட்டு வாங்குங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் கஞ்சத்தனமே வேண்டாம், அவர்கள் கண்ணுக்கு நம்மைவிட நிறைய வெளிச்சம் தேவை. பல்பு நேரே கண்ணில் குத்தாத இடத்திலும் இருக்க வேண்டும்.

துடிப்பு

வீட்டுக்கு வருவது மாறுமின்சாரம். பல்பின் கழுத்துக்குள் இருக்கும் டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட் அதைச் சீராக்கிக் கொடுக்க வேண்டும். அதில் காசு மிச்சம் பிடித்திருந்தால் பல்பு நொடிக்கு நூறு தடவை துடிக்கும். கண்ணுக்கு நேராகத் தெரியாது, ஆனால் சிலருக்குத் தலைவலி வரும், படிக்க உட்கார்ந்தால் சீக்கிரம் கண் சோர்ந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு பேனா போதும். பல்பு வெளிச்சத்தில் பேனாவை வேகமாக அப்படியும் இப்படியும் ஆட்டுங்கள்; தொடர்ச்சியான ஒரு மங்கல் தெரிந்தால் சரி, பேனா தனித்தனியாக விசிறி மாதிரி விரிந்து தெரிந்தால் துடிக்கிறது. போன் கேமராவை பல்புக்குக் கிட்டே கொண்டுபோனாலும் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். கடையில் பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லும்போதே இதைச் செய்துவிடலாம்.

எல்.இ.டி. சீக்கிரம் போவது ஏன்

பெட்டியில் 15,000 மணி நேரம், 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள், வாங்கி ஒரு வருஷத்தில் போய்விட்டது என்பது அடிக்கடி கேட்கிற புலம்பல். கணக்குப்படி 15,000 மணி நேரம் என்பது தினம் 5 மணி நேரம் வீதம் எட்டு வருஷம். முதல் விஷயம், அந்த எண் பெரும்பாலும் வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலத்தைச் சொல்கிறது, டிரைவர் அதுவரை தாங்குமா என்பதைச் சொல்லவில்லை. இரண்டாவது, டிரைவரைக் கொல்வது சூடு. எல்.இ.டி. சூடாகாது என்று நினைப்பது தப்பு. குண்டு பல்பின் சூடு முன்பக்கமாக வெளியே பாயும், எல்.இ.டி.யின் சூடு பின்பக்கம் கழுத்துக்குள் இறங்கும், அங்கேதான் டிரைவரும் அதிலுள்ள கெப்பாசிட்டரும் இருக்கின்றன. கெப்பாசிட்டரைப் பொறுத்தவரை வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் வேலை செய்பவர்களின் பொதுக் கணக்கு. காற்றே போகாத மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள், அதுவும் அதிக வாட் பல்பை மாட்டினால் வேறென்ன ஆகும்? அங்கே மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருப்பதையே வாங்குங்கள், அல்லது குறைந்த வாட்டில் போடுங்கள். கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாக இருக்கிற பல்பில் சூட்டை வெளியேற்ற உலோகம் இருக்க வாய்ப்பு அதிகம், அதையும் கவனியுங்கள். மணி நேர எண்ணைவிட எத்தனை வருஷ வாரண்டி என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் இருக்கிற இடத்தில் டிம்மருக்கு ஏற்றது என்று எழுதாத எல்.இ.டி.யை மாட்டினால் மினுங்கும், உறுமும், சீக்கிரம் போகும். ஏற்றதை மாட்டினாலும் சில சமயம் தொல்லை இருக்கும், ஏனென்றால் பழைய டிம்மர்கள் நூறு இருநூறு வாட் இழுக்கிற பல்புகளுக்காகச் செய்தவை, 9 வாட் அவற்றுக்கு ஒரு சுமையே இல்லை. அப்போது டிம்மரையும் மாற்ற வேண்டியிருக்கும். ஸ்விட்சை அணைத்த பிறகும் பல்பு லேசாக மினுக்கினால் பயப்பட வேண்டாம். ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசிகிற துளி மின்சாரமே எல்.இ.டி.யை எரிய வைக்கப் போதும். இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்சிலும் மினுக்கினால் ஸ்விட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கலாம், அதை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அது ஆபத்து.

சி.எஃப்.எல். வாங்கலாமா என்று கேட்டால், இப்போது வேண்டாம். முழு வெளிச்சம் வர நேரம் எடுக்கும், அடிக்கடி போட்டு அணைத்தால் சீக்கிரம் போகும், உள்ளே சில மில்லிகிராம் பாதரசமும் இருக்கிறது. ஏற்கெனவே இருப்பது உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் எல்லோரும் வெளியே போய்விடுங்கள், அப்புறம் கெட்டி அட்டையால் துண்டுகளை அள்ளி ஈரக் காகிதத்தால் துடைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள், வேக்குவம் கிளீனர் மட்டும் வேண்டாம், அது பாதரசத்தை அறை முழுக்கப் பரப்பும். ஹாலஜனும் குண்டு பல்பின் தம்பிதான், பெரிய மிச்சம் கிடையாது.

எல்.இ.டி. போடக்கூடாத இடமும் உண்டு: கேக் சுடுகிற ஓவனுக்குள் இருக்கிற பல்பு. அங்கே அடிக்கிற சூட்டில் டிரைவர் பொசுங்கிவிடும், அதற்கென்று விற்கிற பல்பையே போடுங்கள். கோழிக்குஞ்சுக்குச் சூடு தர மாட்டிய பல்பையும் மாற்றாதீர்கள், அங்கே நமக்கு வேண்டியதே சூடுதான். மழை படுகிற வெளிச்சுவரில் என்றால் ஐபி65 என்று போட்ட விளக்கு.

கடைக்குப் போகும்போது பழைய பல்பையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு பக்கமும் முள் நீட்டிக்கொண்டிருப்பது பி22, மரையுள்ளது இ27, மரையே ஒல்லியாக இருந்தால் இ14. இதைக் கடைக்காரருக்கு விளக்குவதைவிட பல்பைக் காட்டுவது சுலபம். மொத்தமாக வாங்காமல் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, ராத்திரி அந்த அறையிலேயே மாட்டி, அங்கே அன்றாடம் செய்கிற வேலையைச் செய்து பாருங்கள். பிடித்திருந்தால் அதே மாடலில் மிச்சத்தை வாங்கலாம். மாட்டும்போது மெயினை அணைத்துவிட்டு, பழைய பல்பு ஆறிய பிறகு கழற்றுங்கள். புதியதை முன்பக்கத்துக் குமிழைப் பிடித்துத் திருகாதீர்கள், பெரும்பாலும் அது ஒட்டிவைத்த பிளாஸ்டிக், கழன்று கையோடு வந்துவிடும். கழுத்தைப் பிடித்துத் திருகுங்கள். மாட்டுவதற்கு முன் மார்க்கரால் கழுத்திலேயே தேதியை எழுதி, பில்லை அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்துவிடுங்கள், வாரண்டிக்குள் போய்விட்டால் கடைக்காரர் முதலில் கேட்பது அந்த இரண்டையும்தான்.