சின்னச் சமையலறை: மேடையைத் தின்னும் தவறுகள்

வாடகைக்குக் குடிவந்த புதிதில் எங்கள் சமையலறையை டேப் வைத்து அளந்து பார்த்தேன். 7 அடிக்கு 5 அடி. ஒரு சுவரோரமாக 7 அடி நீள மேடை. அதில் சிங்க் ஒன்றரை அடி, அடுப்பு இரண்டேகால், தண்ணீர் கேன் ஓர் அடி, கழுவிய பாத்திரம் கவிழ்க்கிற கூடை ஒன்றேகால், மிக்ஸி முக்கால். கூட்டிக் கழித்தால் மிச்சம் 3 அங்குலம். வெங்காயத்தை ஹாலில் உட்கார்ந்து நறுக்கினேன். சப்பாத்தியை வாஷிங் மெஷின் மூடி மேல் தேய்த்தேன்.

இடம் பற்றவில்லை என்று ஸ்டாண்ட், கொக்கி, தொங்கும் கூடை என வாங்கித் தள்ளியும் அந்த 3 அங்குலம் 4 ஆகவில்லை. பொருளை வைக்க எங்கேயாவது ஒரு மூலை கிடைத்துவிடும். கை வேலை செய்ய மேடையை விட்டால் வேறு கதி கிடையாது. அதனால் இப்போதெல்லாம் எதைப் பார்த்தாலும் "இது மேடையில் எவ்வளவு தின்னும்?" என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்டாண்டை முதலில் வாங்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. மூன்றடுக்கு எவர்சில்வர் ஸ்டாண்ட், மூன்றே நாளில் நிரம்பிவிட்டது. காலி இடம் கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. பின்வரிசைக்குப் போனது எதுவும் திரும்பி வரவில்லை. எட்டு மாதம் கழித்து அங்கே ஒரு பாக்கெட் சேமியா கிடைத்தது. அதற்குப் பின்னால் இன்னொரு பாக்கெட் சேமியா. அடுக்களை என்றால் அடுக்கி வைக்கிற இடம் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லில் இருப்பது 'அடுதல்', அதாவது சமைத்தல். அடுப்பும் அதே வழியில் வந்ததுதான்.

வாங்குவதற்கு முன்னால் எண்ண வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஹாலில் பரப்பினேன். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் டம்ளர் மட்டும் 23. கரண்டி 17. பார்சல் பிரியாணி வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள், மூடியோடு ஒரு கூட்டம், மூடி இல்லாமல் ஒரு கூட்டம். கவருக்குள் கவர், அதற்குள் கவர். போனில் அம்மாவிடம் சொன்னால், "நாலு பேரு வந்தா என்ன பண்ணுவ?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நாலு பேர் வருடத்தில் ஐந்தாறு நாள்தான் வருகிறார்கள். அவர்களுடைய டம்ளர் 365 நாளும் மேடையில் குடியிருக்கிறது. ஆறு டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டு, விருந்தாளிகளுக்கு வேண்டிய தட்டு, டம்ளர், பெரிய குண்டான் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் கட்டிப் பரணில் ஏற்றினேன். ஒரே பை என்பது முக்கியம். ஆள் வரும்போது ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும்.

பரணில் கனமானதை ஏற்றாதீர்கள். இரண்டு லிட்டர் கிரைண்டர் பத்து கிலோவுக்கு மேல் இருக்கும். அதை மேலே வைத்தவர் மாவுக்குக் கடைக்குத்தான் போவார். வாரம் ஒருமுறையாவது ஆட்டுகிறவர் என்றால் சக்கரம் வைத்த பலகையில் மேடைக்கு அடியில் நிறுத்துங்கள். ஆட்டுவதே இல்லை என்றால், யாருக்காவது கொடுத்துவிடலாம். சீராக வந்த கிரைண்டரை எப்படிக் கொடுப்பது என்கிறீர்களா? அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை.

அடுத்தது டப்பா மோகம். ஒரே மாதிரி ஜாடிகளை வரிசையாகப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நான் வாங்கியது 900 மில்லி, உருண்டை. ஒரு கிலோ துவரம்பருப்புக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் இடம் வேண்டும். ஆக, ஜாடி நிரம்பிய பிறகும் கால் பாக்கெட் மிச்சம். அதற்கு ஒரு ரப்பர் பேண்ட், அதை வைக்க ஓர் இடம். பருப்பு, கடலை, ரவை என்று எட்டுச் சாமானுக்கு எட்டுக் கால் பாக்கெட். நீங்கள் எந்த அளவில் பாக்கெட் வாங்குகிறீர்களோ அது முழுசாகக் கொள்ளும் டப்பாவை வாங்குங்கள். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் தாராளம். வட்டத்தைவிடச் சதுரம் நல்லது. வட்டமான டப்பாக்களை வரிசையாக வைத்தால் தட்டின் பரப்பில் 100-க்கு 21 பங்கு இடைவெளியாகவே வீணாகும். கொட்டிய பிறகு பாக்கெட்டில் தேதி அச்சிட்ட துண்டை வெட்டி டப்பாவுக்கு அடியில் ஒட்டிவிட்டால், இந்த ரவை எந்தக் காலத்தது என்று மோந்து பார்க்க வேண்டியதில்லை. உப்பை மட்டும் எவர்சில்வரில் போடாதீர்கள், அரித்துவிடும். பீங்கான் ஜாடியோ கண்ணாடியோ சரி.

மூட்டை அரிசிக்கும் இதே கதை. 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், ஆலைக்காரர்கள் அதைத் தாண்டி 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். விலை லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதம் ஆறேழு கிலோ பொங்குகிற வீட்டில் அந்த மூட்டை நான்கு மாதம் காலை நீட்டிப் படுத்திருக்கும், நடுவில் வண்டும் வரும். எங்களுக்கு 5 கிலோ பை கட்டுப்படியாகிறது. மிச்சமாகும் தரை இடத்துக்கும் ஒரு விலை உண்டு.

எதை எங்கே வைப்பது என்பதில் பலரும் இனம் பிரித்து அடுக்குகிறார்கள்: தூள்கள் ஒரு பக்கம், பாட்டில்கள் ஒரு பக்கம், கரண்டிகள் ஒரு பக்கம். பார்க்க அழகு. காபி போட மூன்று கதவைத் திறக்க வேண்டும். 1926-இல் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். ரயிலில் இருக்கும் சாப்பாட்டுப் பெட்டியின் சமையலறையை மாதிரியாக வைத்து, எத்தனை எட்டு நடக்க வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பார்த்துப் பொருள்களுக்கு இடம் குறித்தார்கள். எங்கள் அறையில் எட்டு வைக்கவே இடமில்லை, அதனால் நான் குனிவதை எண்ணினேன். காலை காபிக்கு நான்கு தடவை குனிந்துகொண்டிருந்தேன். ஃபில்டர், தூள், சர்க்கரை, டபரா நான்கையும் ஒரே தட்டில் வைத்தபின் ஒரு தடவை. தாளிப்புக்கு அஞ்சறைப்பெட்டி ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்கிறது. அதை அலமாரிக்குள் ஒளித்துவிட்டுக் கடுகுக்கு ஒரு பாட்டில், சீரகத்துக்கு ஒரு பாட்டில் என்று வைத்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அடுப்புக்கு நேர் மேலே மசாலாத் தட்டு அடிக்கிறவர்களும் உண்டு. கைக்கு எட்டும், சரி. ஆனால் சூட்டில் வாசனை போகும், ஆவியில் தூள் கட்டிபிடிக்கும், டப்பாக்கள் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும். எரிகிற அடுப்புக்கு மேலே கையை நீட்டுவதும் நல்லதில்லை. பக்கச் சுவருக்கு மாற்றுங்கள். ஒட்டுக் கொக்கிகள் டைல்ஸில் நிற்காததற்கும் இந்தப் பிசுக்குதான் காரணம். சோப்புத் தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு ஒட்டினால் நிற்கும்.

சிங்க்குக்கு அடியில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் ஒரே கூடையில் கிடந்தால் இரண்டும் கெடும். அந்த ஈரம் இரண்டுக்கும் ஆகாது, கூட்டும் ஆகாது. கிழங்கு சீக்கிரம் முளைவிடும். காற்றாட, தனித்தனியாக, கிழங்கை வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள்.

இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று சிலிண்டரிடம் மட்டும் விளையாடாதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். நாலு பக்கமும் அடைத்த கதவுக்குள் சிலிண்டரை வைத்து, அதைச் சுற்றிப் பழைய துணியும் பேப்பரும் திணிப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். கதவின் அடிப்பக்கம் காற்றுப் போக ஓட்டை இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், டியூப் எந்தப் பாத்திரத்துக்குப் பின்னாலும் மடங்கி நசுங்கக் கூடாது. டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தேதி அதன் மேலேயே அச்சடித்திருக்கும். வாயு கசிந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906. எங்கள் வீட்டில் அதை எழுதி ஹாலில் ஒட்டியிருக்கிறோம்.

இவ்வளவும் செய்தபின் மறுபடி டேப்பை எடுத்தேன். தண்ணீர் கேன் ஹாலில் ஒரு முக்காலிக்குப் போயிருந்தது. பாத்திரக் கூடைக்குப் பதிலாகச் சிங்க்குக்கு மேலே சுவரில் ஒரு தட்டு. நான் உருப்படியாகக் காசு செலவழித்த ஒரே பொருள் அதுதான். தண்ணீர் நேராகச் சிங்க்கிலேயே சொட்டிவிடுகிறது. மேடையில் இப்போது இரண்டரை அடி காலி. சப்பாத்திக் கட்டையைப் போட்டுப் பக்கத்தில் மாவுத் தட்டையும் வைக்கலாம்.

போன வாரம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். மேடையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "இவ்ளோ எடம் சும்மா கெடக்கே" என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து, ஆறு எவர்சில்வர் டம்ளரை எடுத்து வரிசையாக வைத்தார்.