கஷ்டத்துல விசுவாசத்தை விடாம நிக்கறது எப்படி?

எங்க அம்மாவுக்கு கிட்னி ஃபெயிலியர்னு டாக்டர் சொன்ன வாரம், சர்ச்ல ஒரு ஆன்ட்டி என் கையைப் பிடிச்சு, "அழாதம்மா, விசுவாசம் இருக்கறவங்க அழக்கூடாது"ன்னாங்க. பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா அதைக் கேட்டு ஆறு மாசம் நான் யார் முன்னாடியும் அழல. அது தப்புன்னு இப்ப சொல்றேன்.

முதல்ல அழுங்க. லாசருவை எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் இயேசு கல்லறைகிட்ட கண்ணீர் விட்டாரு. 13-ஆம் சங்கீதத்தை எடுத்து சத்தமா வாசிங்க, முதல் ரெண்டு வசனத்துலயே நாலு தடவை "எதுவரைக்கும்"னு கேட்டிருப்பாரு தாவீது, ஒவ்வொரு "எதுவரைக்கும்" வரும்போதும் நிறுத்தி உங்க விஷயத்தைச் சொல்லுங்க, பில், வேலை, வலி, எதுவா இருந்தாலும். 88-ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் ஆறுதலே இல்லாம முடியும், அதுவும் பைபிள்ல இருக்குல்ல? இங்க சிங்கப்பூர்ல எச்டிபி அடுக்குமாடி வீட்டுல எல்லாரும் இருக்கும்போது சத்தமா ஜெபிக்க முடியாதுன்னா, ராத்திரி கீழ வாய்ட் டெக்ல, அதான் பிளாக்குக்கு அடியில இருக்கற திறந்த இடத்துல, போய் உக்காருங்க, நான் அப்படித்தான் பண்ணேன்.

சாப்பிடுங்க, தூங்குங்க. எலியா சூரைச்செடி கீழ படுத்து சாகணும்னு கேட்டப்போ தேவதூதன் பிரசங்கம் பண்ணல, அடையும் தண்ணியும் குடுத்தாரு, அவர் சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கினாரு. நான் உபவாசம்னு வெறும் வயித்தோட அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போய் அங்கயே மயங்கி விழுந்தேன், நர்ஸுங்களுக்கு ரெண்டு பேஷண்ட் ஆயிடுச்சு.

அடுத்தது, உதவி கேக்கறது. இதுதான் நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப கஷ்டம், வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு. கெத்செமனேல இயேசுவே மூணு பேரைக் கூட்டிட்டுப் போய் "என்னோட விழிச்சிருங்க"ன்னு கேட்டாரு, அவங்க தூங்கிட்டாங்க, அது வேற விஷயம். "ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க, "செவ்வாக்கிழமை அம்மாவை டயாலிசிஸ் சென்டர்ல இருந்து கூட்டிட்டு வர முடியுமா"ன்னு நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்க, வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம், ஒரு ஆளால முடியாது. காசு பிரச்சனைன்னா ஆஸ்பத்திரில மெடிக்கல் சோஷியல் வொர்க்கரைப் பாக்கணும்னு நர்ஸ்கிட்ட சொல்லுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. வாழவே வேணாம்னு தோணுச்சுன்னா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, சிங்கப்பூர்ல இருக்கற SOS ஹெல்ப்லைன் 1767-க்கு உடனே ஃபோன் பண்ணுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க.

யாராவது உங்க விசுவாசம் பத்தல, அதான் சுகமாகலன்னு சொன்னா மனசுல ஏத்திக்காதீங்க. பவுல் மூணு தடவை கேட்டும், "முள்"ளுன்னு அவர் சொன்ன அவரோட உடம்பு வேதனை போகல, "என் கிருபை உனக்குப் போதும்"ங்கற பதில்தான் கிடைச்சுது. பவுலுக்கு விசுவாசம் பத்தலன்னு யாராவது சொல்லுவோமா? மருந்தையும் டயாலிசிஸையும் யார் சொன்னாலும் நிறுத்தாதீங்க.

ஒரு நோட்டு வாங்கி தேதி போட்டு ஜெபத்தை எழுதுங்க, பதில் வந்தா எதிர்ல எழுதுங்க. என் நோட்டுல "அம்மா கிட்னி"ன்னு எழுதினதுக்கு எதிர்ல இன்னும் காலிதான். அதுக்குக் கீழ நேத்து எழுதினது, "அம்மா இன்னைக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டாங்க, ஸ்தோத்திரம்."