டெல்லிக் குளிரில் கறிவேப்பிலையைக் கொல்லும் பழக்கங்கள்

டெல்லிக்கு வந்த முதல் மார்கழியில் என் கறிவேப்பிலைச் செடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்குச்சியாக நின்றது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றினேன். பொங்கலுக்குள் வேர் அழுகிவிட்டது. குளிர்மேல் பழிபோட வழியில்லை, கொன்றது நான்.

இங்கே டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இரவில் 4, 5 டிகிரிக்குக்கூட இறங்கிவிடும். அப்போது கறிவேப்பிலை வளர்வதை நிறுத்திவிட்டுத் தூங்கும். வேரும் அதிகம் தண்ணீர் இழுக்காது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். செடி செத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. பிப்ரவரி கடைசி, மார்ச்சில் துளிர்த்துவிடும். அதுவரை உரமும் போடாதீர்கள்.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவது ஊர்ப் பழக்கம். இங்கே அது இலையையும் மண்ணையும் இரவு முழுக்க ஈரமாகவே வைத்து, பூஞ்சைக்குக் கதவைத் திறந்துவிடும். வெயில் ஏறியபின், பத்து பதினொரு மணிக்கு ஊற்றலாம். விடிகாலையில் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் நம் கையையே மரத்துப்போகச் செய்யும், வேர் என்ன பாடுபடும்!

பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. டிசம்பர் 21 வாக்கில் சென்னையில் நண்பகல் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். டெல்லியில் 38தான். அதனால் தெற்குப் பக்கக் கைப்பிடிச்சுவர் மூன்றடி இருந்தால், நண்பகலில்கூட அதன் நிழல் கிட்டத்தட்ட நான்கடிக்கு நீளும். கோடையில் அந்தச் சுவரோரம் வெயிலில் காய்ந்த தொட்டிகள் இப்போது நாள் முழுக்க நிழலில் கிடக்கும். அவற்றை எதிர்ப்பக்கம், தெற்கு பார்த்த சுவரோரமாக நகர்த்துங்கள். வெயிலில் சூடான சுவர் இரவிலும் கொஞ்சம் கதகதப்பைத் தரும்.

அப்புறம் கத்தரிக்கோல். நம் ஊரில் நவம்பர் கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்வார்கள். அதே கணக்கில் இங்கே வெட்டினால், கிளம்புகிற இளந்துளிர் குளிரில் கருகலாம். மல்லிகை, செம்பருத்தி இரண்டுக்கும் நான் ஜனவரி தாண்டும்வரை பொறுத்திருக்கிறேன்.

பிளாஸ்டிக் ஷீட் போர்த்துவதாக இருந்தால் இலையில் ஒட்டாமல் குச்சி நட்டுப் போர்த்துங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். மூடுபனி இரவைவிட, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் இரவுதான் ஆபத்து. மண்ணின் சூடு அப்படியே வானத்துக்குப் போய்விடும். துளசிக்குப் பழைய பருத்தித் துணியே போதும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சிவப்புத் துப்பட்டா போர்த்துவதைப் பார்த்து வெறும் பக்தி என்று நினைத்திருந்தேன், அவர் துளசிதான் பிழைத்தது. எப்படியும் துளசியின் மஞ்சரியிலிருந்து (பூங்கதிரிலிருந்து) விதையைக் கொஞ்சம் எடுத்துவையுங்கள்.

எல்லாச் செடியும் தூங்காது. பெட்டூனியா, டாலியா, வெந்தயக்கீரை, பாலக்கெல்லாம் இந்தக் குளிருக்குத்தான் காத்திருக்கும். அவற்றையும் பட்டினி போட்டுவிடாதீர்கள். ரசத்துக்குக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் மார்ச் வரை ஐஎன்ஏ மார்க்கெட்தான்.