பெட்டியோடு வாங்காதீர்கள்: மென்மனசுக் குழந்தைக்கு ஃபேண்டஸி தேடும்போது செய்யும் தவறுகள்

சிறுவர் நூலகம் நடத்துகிறேன். புத்தகம் தேடி வரும் பெற்றோர் பலர் சொல்வது ஒன்றுதான்: "மூணாவதுதான் படிக்கிறா மேடம், ஆனா ஏழாவது பிள்ளைங்க புக்கெல்லாம் படிச்சுடுவா. நல்ல ஃபேண்டஸியா குடுங்க." அப்புறம் கொஞ்சம் குரல் தணியும்: "ஆனா எதுக்கெடுத்தாலும் அழுதுடுவா." முதல் பாதியை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவதால்தான் பிரச்சினை. எழுத்துச் சிறியது, பக்கம் அதிகம் போன்ற எல்லோரும் அறிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

லெவல் எண்ணை நம்புவது

ஆங்கிலப் புத்தகம் படிக்க எவ்வளவு கடினம் என்பதை எண்ணால் சொல்லும் லெக்ஸைல் மாதிரியான அளவுகள் (எண் கூடினால் கடினம் கூடும்) வாக்கிய நீளத்தையும் சொல் அரிதா பழக்கமானதா என்பதையும்தான் பார்க்கும். கதைக்குள் என்ன நடக்கிறது என்பது அதன் கணக்கில் வராது. 'சார்லட்ஸ் வெப்' 680. 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' 630. இந்த எண்ணை நம்பினால், சிலந்தியும் பன்றிக்குட்டியும் வரும் கதையைவிட, நண்பனைச் சுட்டுக் கொல்லும் கதை சின்னப் பிள்ளைக்குச் சுலபம்!

மொத்த செட்டையும் பரிசளிப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பிறந்தநாளுக்கு மாமாவோ சித்தப்பாவோ ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் பெட்டியோடு வாங்கி வருவார். கண்ணுக்கு நிறைவாக இருக்கும், தள்ளுபடியும் கிடைத்திருக்கும்.

முதல் புத்தகம் வந்தது 1997இல், ஏழாவது 2007இல். அன்று கையில் எடுத்த பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார்கள், காத்திருந்த காலத்தில் வளர்ந்தார்கள். நாயகனுக்கும் புத்தகத்துக்கு ஒரு வயது கூடுகிறது. 11 வயதில் தொடங்குபவன் நான்காவதில் 14. ஆங்கிலப் பதிப்பில் முதலாவது 223 பக்கம், நான்காவது 636. பருமன் மட்டுமா மாறுகிறது? நான்காவதின் முடிவில், எந்தத் தப்பும் செய்யாத ஒரு பையனைக் கண நேரத்தில் கொன்றுவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு புத்தகத்திலும் வேண்டியவர்கள் சாகிறார்கள்.

வேகமாகப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளை இந்தப் பத்து வருடத் தூரத்தை ஒரு கோடை விடுமுறையில் தாண்டிவிடும். எங்களிடம் வரும் ஒரு பையன் அப்படித்தான் நான்காவதை முடித்தான். மந்திரவாதியோ கல்லறைக் காட்சியோ அவனைத் தொந்தரவு செய்யவில்லை. செத்துப்போன பையனின் அப்பா கதையின் தொடக்கத்தில் மகனைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டே இருப்பார். "அவர் இனிமே யாரைப் பத்திப் பேசுவார் ஆன்ட்டி?" என்று கேட்டான். பிறகு வெகுநாள் கதைப் பக்கமே வரவில்லை. ரயில் என்ஜின் படங்கள் போட்ட புத்தகம் போதும் என்றுவிட்டான். "அவனேதான் கேட்டான் மேடம்" என்றார் அவன் அம்மா. கேட்கத்தான் செய்வான். மூன்றை முடித்தவனுக்கு நான்காவது பக்கத்திலேயே இருந்தால் கை சும்மா இருக்குமா?

மற்ற தொடர்களும் இப்படித்தான். நார்னியாவின் கடைசிப் புத்தகத்தில் (1956), நாம் கூடவே பயணம் செய்த பிள்ளைகள் ரயில் விபத்தில் இறந்துபோன செய்தி வருகிறது. எர்த்ஸீயின் முதல் புத்தகத்தை (1968) யோசிக்கிற பத்து வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகத் தரலாம். அதே வரிசையில் நான்காவதான 'டெஹானு' (1990) பெரியவர்கள் வதைத்து நெருப்பில் தள்ளிய ஒரு சிறுமியைப் பற்றியது. ஒரே உலகம், ஒரே எழுத்தாளர் என்பதற்காக எல்லாம் ஒரே வயதுக்கு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒவ்வொன்றாக வாங்குங்கள். பாட்டரை மூன்றாவதோடு நிறுத்திவைத்து, நாயகனின் வயதை நெருங்கும்போது நான்காவதைக் கொடுக்கலாம். பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், மீதி நான்கையும் பிள்ளையின் கண் முன்னாலேயே எடுத்து வைத்து, "இதுல பெரிய சோகம் வருது, அப்புறம் தர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒளித்து வைப்பது வேலைக்கு ஆகாது, இந்தப் பிள்ளைகள் பரணையும் விடமாட்டார்கள். இடையில் பசிக்கு 'மோமோ', 'த ஃபேண்டம் டோல்பூத்' மாதிரி ஒரே புத்தகத்தில் முடிகிற கதைகள் இருக்கின்றன. மூளைக்கு வேலை நிறைய, அடுத்த பாகம் என்று இழுத்துக்கொண்டு போகாது.

பேயையும் ரத்தத்தையும் மட்டும் தேடிப் பார்ப்பது

டிராகனுக்கு இந்த மென்மனசுப் பிள்ளைகள் அசைவதில்லை. அநியாயம், அவமானம், கைவிடப்படுவது, வாயில்லா ஜீவன் படும் பாடு, இவைதான் உள்ளே போய்த் தங்கும். நார்னியாவில் சிங்கத்தைக் கொல்லும் காட்சியைப் படித்த ஒரு சிறுமிக்குக் கத்தி நினைவில் இல்லை. அதற்கு முன்னால் பிடரி மயிரை மழித்து, வாயைக் கட்டி, சுற்றி நின்று கேலி செய்ததைத்தான் மறுபடி மறுபடி சொன்னாள். வன்முறை எந்தப் பக்கத்தில் என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் இது கண்ணில் படாது.

அட்டைப்படத்தையும் விளம்பரத்தையும் நம்புவது

'பிரிட்ஜ் டு டெராபித்தியா' நாவல் திரைப்படமாக வந்தபோது 2007இல் அதை மாயநாட்டுக் கதை போலத்தான் விளம்பரப்படுத்தினார்கள். உள்ளே, தோழி ஓடையில் மூழ்கி இறக்கிறாள்.

"எடுத்தா முடிக்கணும்"

வேண்டாம். பாதியில் மூடட்டும்.

முடிவைச் சொல்லாமல் மறைப்பது

"நாய் சாகுமா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "படிச்சுப் பாரு, தெரியும்" என்பது இவர்களிடம் எடுபடாது, பக்கத்துக்குப் பக்கம் பயந்துகொண்டே படிப்பார்கள். சிலர் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டுவார்கள், தடுக்காதீர்கள். கனமான அத்தியாயம் எது என்று உங்களுக்குத் தெரிந்தால், அதை மட்டும் சனிக்கிழமைக் காலையில் நீங்கள் பக்கத்து அறையில் இருக்கும்போது படிக்கச் சொல்லுங்கள், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம்.