பழைய கணினியில் நூல் பட்டியல்

கோத்தகிரியில் எங்கள் நூலகக் கணினியில் இன்றும் 32-பிட் விண்டோஸ் 7 தான். அதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று கைவிட்டது; என்னால் முடியவில்லை. எங்கள் பட்டியல் மென்பொருள் 16-பிட் நிரல், இன்றைய கணினிகளில் வரும் 64-பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. புதுக் கணினியை யாராவது நன்கொடையாகத் தந்தால், நன்றி சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

முதலில் பழைய கணினியின் இணையக் கம்பியைப் பிடுங்குங்கள்; அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருவதில்லை. பிறகு நூல் பதிவுகளை, நூலக மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 2709 வடிவில் ஏற்றுமதி செய்து, இரண்டு பென் டிரைவ்களில் வையுங்கள். நாளை கோஹா என்ற இலவச நூலக மென்பொருளுக்குப் போனாலும் அந்தக் கோப்பே கைகொடுக்கும்.

தமிழ்த் தலைப்புகள்தான் தலைவலி. பழைய எழுத்துருக் குறியீட்டில் தட்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் வெறும் கிறுக்கல். நான் நாவல் வரிசை முழுவதையும் அப்படி ஏற்றிவிட்டு, ஒரு வாரம் அட்டைகளைப் பார்த்து மீண்டும் தட்டினேன். பத்துப் பதிவுகளை மட்டும் முதலில் மாற்றுங்கள். அவற்றில் கொ, ணை, ஸ்ரீ இருக்கட்டும். ஒற்றைக்கொம்பு இடம் மாறியிருந்தால் உடனே தெரியும்.

ஐப்பசி மழையில் மின்சாரம் அடிக்கடி போகும். தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் கணினியின் தேதி பின்னோக்கி ஓடிவிடும். காலையில் இரவல் கொடுக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்.